சர்க்கார் ஏரி

ஏரிக்கரையில் உடைப்பு. யாரைக் கேட்டாலும், "அது சர்க்கார் ஏரிங்க, சர்க்கார்தான் வந்து அடைக்கணும்" என்கிறார்கள். பாய்கிற தண்ணீர் நம்முடையது. கரை மட்டும் சர்க்காருடையது! இதைக் கேட்கும் பட்டணத்துக்காரருக்குக் கோபம் வருகிறது. "கொடுத்துக் கொடுத்தே ஜனங்களைக் கெடுத்துவிட்டார்கள், சோம்பேறிகளாக்கிவிட்டார்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பட்டணத்துக்காரரின் வீட்டு வாசலில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. மனு எழுதுகிறார். சாக்கடை அடைத்துக்கொண்டால் மண்வெட்டியோடு இறங்குவதில்லை. அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்வதில்லை. குடிமகனின் உரிமை என்கிறோம். கிராமத்தில் தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரியும் வரி கொடுத்துத்தான் வாங்குகிறாள். ஆகவே, சர்க்கார் கிராமத்துக்குச் செலவிடுவது பிச்சையுமல்ல, தர்மமுமல்ல. இந்த அளவில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆனாலும், "சர்க்கார் ஏரி" என்ற சொல் மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. அந்தச் சொல் எப்படிப் பிறந்தது?

குடிமராமத்து என்ற வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று வந்து, வாய்க்காலைத் தூர்வாரி, கரைக்கு மண் அணைப்பார்கள். ஏரி மீன், கரை மரங்களின் பலன், வயலுக்கு அள்ளும் வண்டல் எல்லாம் ஊரின் கையில் இருந்தன. அதனால் ஏரியின் பாரமும் ஊரின் தலையில் இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் வருமானமும் அதிகாரமும் மெல்ல மெல்ல மேலே போயின. பாரம் மட்டும் கீழே தங்கிற்று. ஜனங்கள் முன்போல வரவில்லை என்றதும், 1858-ல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உரிமையை எடுத்துக்கொண்டு கடமையைச் சட்டத்தால் நிறுத்தப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. இன்று தமிழ்நாட்டில் உள்ள ஏறக்குறைய 39,000 ஏரிகளில், நூறு ஏக்கருக்கு மேல் பாயும் பெரியவை நீர்வளத் துறையின் கணக்கில். சிறியவை பஞ்சாயத்து யூனியன் கணக்கில்.

அப்படியானால் பழைய குடிமராமத்தே பொற்காலம் என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலை முறையில் ஆள் தேர்ந்து, ஏரி வாரியம் என்றே ஒரு குழு வைத்திருந்தார்கள். பெருமைதான். ஆனால் கால் வேலிக்கு மேல் நிலம் உடையவன் பெயர்தான் அந்தக் குடத்தில் விழும். மண் சுமந்தவன் பெயர் விழ வழியில்லை. பின்னாளிலும் பல ஊர்களில் நிலம் ஒரு தெருவில் இருந்தது, முதுகு வேறொரு தெருவில் இருந்தது. "ஊர் கூடிச் செய்தது" என்று நாம் உருகும்போது, கூடியவர் யார், செய்தவர் யார் என்று பிரித்துக் கேட்க வேண்டும். 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களை அம்பேத்கர் மறுத்தது இந்த வேதனையால்தான்.

2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டம், கிராமத்துக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலையை உரிமையாக்கியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. உடனே, "வயலுக்கு ஆள் வருவதில்லை, ஜனங்கள் கெட்டுப் போய்விட்டார்கள்" என்ற முணுமுணுப்பு எழுந்தது. கெட்டுப்போனது எது? கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த வழக்கம்தான் கெட்டது. அது கெட வேண்டியதுதானே?

ஆகவே, கொடுப்பதில் குற்றமில்லை. கொடுக்கும் முறையில் குற்றமிருக்கிறது. 1952 அக்டோபர் 2-ந் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டத்தைப் பெரிய ஆசையோடு தொடங்கினார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1957-ல், பல்வந்த்ராய் மேத்தா குழு அதைப் பரிசீலித்தது. ஜனங்கள் தாங்களாக முன்வரவில்லை; தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் சபைகளுக்கு அதிகாரம் கொடுக்காவிட்டால் வரவும் மாட்டார்கள் என்பது அதன் முடிவின் சாரம். ஆனால் அதே காலத்தில், 1958 முதல், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நம் கிராமத்தார் பெஞ்சும் கட்டடமும் நிலமுமாக அள்ளிக் கொடுத்தார்கள். வாத்தியாருக்குச் சம்பளம் சர்க்கார் கொடுத்தது. பள்ளிக்கூடத்தை ஊர் தன்னுடையதாக நினைத்தது. சர்க்கார் உதவி ஜனங்களின் கையை முடக்கிவிடும் என்றால், அந்தக் கைகள் எப்படி நீண்டன?

எந்த மதகை முதலில் பழுது பார்ப்பது என்பதை எங்கோ ஓர் ஆபீசில் தீர்மானித்து, கான்ட்ராக்டரை அனுப்பி, ஊராரை வேடிக்கை பார்க்க விட்டால், அது சர்க்கார் ஏரியாகத்தான் இருக்கும். நிலக்காரர் நாலு பேர் மட்டும் தீர்மானித்தால் அது அவர்கள் ஏரியாகிவிடும். பணம் சர்க்காரிடமிருந்து வரட்டும், வர வேண்டியதுதான். ஆனால் மண் சுமக்கிற பெண்ணும் கிராம சபையில் உட்கார்ந்து, "வடக்கு மதகை முதல்லே பாருங்க" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் கணக்கில் ஏற வேண்டும். கூலி மட்டும் கொடுத்தால் பசி தீரும். அதிலேயே நாம் திருப்தி அடைந்துவிட்டால், அடுத்த உடைப்புக்கும் பழைய பதில்தான் வரும். அப்போது அவளைக் கோபித்துக்கொள்ள நமக்கு உரிமை இராது.