பிரிந்த பிறகு

"நமக்கும் லாபம், அவங்களுக்கும் லாபம். இதுல என்ன தப்பு?" அந்நியத் தொழிலாளர்களைப் பற்றிய பேச்சில் இந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். தியோமான் தீவில் பவளப்பாறைகளைப் பார்த்து வந்த பிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

பவளம் கல் அல்ல, உயிர். அதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளம் இடமும் சத்தும் கொடுக்கிறது. பாசி வெயிலில் சமைத்துப் பவளத்துக்குச் சோறு போடுகிறது; பல பவளங்களுக்குத் தேவையான சக்தியில் 90 விழுக்காடு வரை அங்கிருந்துதான் வருகிறது. கோடையின் உச்சச் சூட்டைவிடக் கடல் 1 டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் போதும், உறவு முறிந்துவிடும். பாசியை வெளியேற்றிய பவளம் வெளுத்துப்போகும். 2010இல் இப்படி வெளுத்தபோது தியோமான் உட்பட சில தீவுகளில் முக்குளிக்கும் இடங்களை மூடினார்கள். பாசி திரும்பாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். அங்கே துரத்தியவருக்கும் தப்பு இல்லை.

என் பாட்டி தங்கா பத்து பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "தோட்டம் வீடு குடுத்துச்சு, நாங்க உழைப்பக் குடுத்தோம்" என்பார். நிலம் கைமாறியதும் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பாட்டிக்கு வேலையோடு வீடும் போனது. நிலத்துக்கு என்ன ஆனது? தாமான் வந்தது, விலை ஏறியது.

சேர்ந்திருக்கும்போது யாருக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டுமே கணக்குப் பார்க்கிறோம். பிரிந்தால் யார் நொறுங்குவார் என்றும் பார்க்க வேண்டாமா?

இயற்கை அறம் போதிக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. பாசியிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. பவளம் நல்லது என்பதால் அல்ல, வேறு வழி இல்லை என்பதால்தான் பாசியோடு வாழ்கிறது. மனிதர்களிடம் அந்தக் கட்டாயம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. அதனால்தான், சேதமில்லாமல் விலகக்கூடியவருக்குக் கடமை கூடுதல் என்று நினைக்கிறேன்.

போன வருடம் ஆர்டர் குறைந்தபோது, ஒப்பந்தம் நீட்டிக்கப்படாதவர்களின் பட்டியலைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். அதில் இருந்த ஒருவர் என்னிடம் மலாயில் கேட்டார்: "பாஸ், ஹோஸ்டல்ல இன்னும் எத்தனை நாள் இருக்கலாம்?"

பாட்டியும் யாரிடமோ இதைத்தான் கேட்டிருப்பார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலை இயந்திரங்கள் வழக்கம்போல் ஓடின.