நீற்றறையைப் பூட்டியவன்

"மேல இருக்கிறவன் அடிக்கிற வெயிலு. நீ அளந்தா கொறஞ்சிடுமா, மாஸ்டரே?"

பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டே ஓர் அம்மா என்னைக் கேட்டார். என் கையில் இருந்த சாமான் அப்படிக் கேட்க வைக்கும். ஒரு மரச்சட்டம், அதில் மூன்று தெர்மாமீட்டர்கள். ஒன்று சாதாரணமானது, வெயில் படாமல் மறைப்பு உண்டு. இரண்டாவதன் குமிழில் ஈர மல் துணி. மூன்றாவதன் குமிழ், கரும்பலகை பெயின்ட் அடித்த டேபிள் டென்னிஸ் பந்துக்குள் இருக்கிறது. முறைப்படி ஆறு அங்குலச் செப்புக் கோளம் வேண்டும். ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டரிடம் செப்புக் கோளம் ஏது? மணலில் ஓட வரும் பிள்ளைகளை எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள எனக்கு இந்தப் பந்து போதும்.

அந்த அம்மா கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் வெயில் ஆண்டவன் கொடுப்பது, தாங்குவது நம் பாடு என்பது நம்மில் பலருக்கும் உள்ள எண்ணம்தான். அதற்குப் பதில் சொல்லாமல் இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரிவது நியாயமில்லை.

அளவு என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வானிலை அறிக்கையில் வரும் டிகிரி, நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் எடுத்தது. அந்தப் பெட்டிக்குள் யாரும் கம்பி கட்டுவதில்லை. 1950களில் அமெரிக்க மரீன் படையின் பாரிஸ் ஐலண்ட் முகாமில், பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததைப் பார்த்து வேறொரு கணக்குப் போட்டார்கள். ஈரக்குமிழின் அளவில் பத்தில் ஏழு பங்கு, கருங்கோளத்தின் அளவில் இரண்டு பங்கு, சாதாரணக் காற்றின் அளவில் ஒரே ஒரு பங்கு. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும் என்பதால் ஈரத்துக்கு அத்தனை இடம்.

வேலூரில் காற்று 40 டிகிரி, ஈரக்குமிழ் 24, கோளம் 52 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு 31.2 வரும். நம் கடற்கரையில் காற்று 34தான். ஆனால் ஈரக்குமிழ் 28, கோளம் 45 என்றால் 32 வந்துவிடும். "வேலூர் மாதிரி இல்லப்பா நம்ம ஊரு, கடல்காத்து இருக்கு" என்கிற நம்பிக்கை இங்கே உடைகிறது.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படைச் சாகசம். பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை. அது கத்திரி இல்லை, ஐப்பசிகூடப் பிறக்கவில்லை. லட்சக்கணக்கில் கூடிய ஜனத்தில் ஐந்து பேர் செத்துப்போனார்கள். மறுநாள் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக் படிக்கட்டில் நான் கேட்ட பேச்சு: "விதி, அவ்ளோதான்."

விதியைப் பற்றிச் சைவ சித்தாந்தம் சோம்பேறித்தனமாகப் பேசவில்லை. பழைய வினையில் இப்போது அனுபவித்துத் தீர வேண்டியது பிராரத்தம். அதை அனுபவிக்கும்போது புதிதாகச் செய்து சேர்த்துக்கொள்வது ஆகாமியம். சித்தாள் பெண்ணின் தலையில் அடிக்கும் வெயில் அவள் பிராரத்தம் என்றே ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அந்தக் கணக்கின் எண் 32 என்ற அபாய அளவைத் தாண்டியது தெரிந்தும் அவளைத் தளத்தில் நிறுத்தி வைக்கிற மேஸ்திரிக்கு அது ஆகாமியம். அவர் கணக்கில் புதிதாக ஏறுகிறது. மீன் நறுக்கிய அம்மாவுக்கு என் பதில் இதுதான்: அளந்தால் வெயில் குறையாது; அளந்த பிறகு அதை ஆண்டவன் மேல் போட முடியாது.

"அவங்களையே கேட்டுப் பாரேன், முடியலன்னா சொல்ல மாட்டாங்களா?" என்பார்கள். சொல்ல மாட்டார்கள். உடம்பின் உட்சூடு 40ஐத் தொடும்போது முதலில் குழம்புவது புத்தி. தடுமாறிக்கொண்டே "ஐ ஆம் ஓகே சார்" என்று சொல்லும் பையன்களை நான் மைதானத்தில் தாங்கிப் பிடித்திருக்கிறேன். கூலி வெட்டு விழும் என்கிற பயம் இருப்பவர் இன்னும் வாயைத் திறக்க மாட்டார். காட்சி, கருதல், உரை என்று அறியும் வழி மூன்றைச் சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் வைக்கிறார். இன்னொருவர் உடம்புக்குள் இருக்கும் சூடு என் காட்சிக்கு எட்டாது. அவர் உரையை அந்த நேரத்தில் நம்ப முடியாது. மிச்சம் கருதல்தான், புகையைப் பார்த்து நெருப்பை அறிவதுபோல, ஈரத் துணி காட்டும் எண்ணைப் பார்த்து அவர் நிலையை அறிய வேண்டும்.

தாங்குவதே தவம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே ஆடி 210 ரன் அடித்தார். பிறகு மருத்துவமனையில் சலைன் ஏற்றினார்கள். காலரியில் இருந்த எங்களுக்கு அது வீரம். ஆஸ்திரேலியர்கள் இன்றும் அதைக் காவியம்போலச் சொல்கிறார்கள். நம் புராணங்களிலும் நாலு பக்கம் தீ மூட்டி, மேலே சூரியனை ஐந்தாம் தீயாக வைத்துத் தவம் செய்தவர்கள் உண்டு. யாரும் அவர்களைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. வேண்டாம் என்றால் எழுந்து போயிருக்கலாம். நாள் கூலிக்கு நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் வேதனையைத் தவம் என்று நாம் பெயர் வைப்பது நம் சௌகரியத்துக்கு.

அப்பரை ஏழு நாள் நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைத்தார்கள், அவர் வாடாமல் வெளியே வந்தார். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் பக்தி இருந்தால் சூடு தாங்கலாம் என்று முடிப்பார்கள். பெரியபுராணம் அதோடு முடியவில்லை. அடைக்கச் சொன்ன பல்லவ மன்னன் பிறகு மனம் மாறி அவர் காலில் விழுகிறான். உள்ளே இருந்தவருக்கு எந்தப் பாடமும் தேவைப்படவில்லை. பாடம் பூட்டியவனுக்கு.

மதங்கள் வெயிலை மதிக்கத் தெரிந்தவை. அக்னி நட்சத்திரத்தில் சிவலிங்கத்துக்கு மேலே துளையிட்ட பாத்திரம் தொங்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். கடும் வெயிலில் லுஹர் தொழுகையைச் சற்றுத் தணிந்த பிறகு தொழச் சொல்லி நபிமொழி இருக்கிறது. அப்படியிருந்தும் 2024 ஜூனில் ஹஜ் யாத்திரையில் 1,301 பேர் இறந்தார்கள். மெக்காவில் வெப்பம் 51.8 டிகிரி வரை போனது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்து, நிழலில்லாமல் நெடுந்தூரம் நடந்தவர்கள். வெயில் எல்லோருக்கும் பொது, நிழல் அப்படி இல்லை.

நம் ஊர்க்காரர்கள் பிழைக்கப் போகிற கத்தாரில் 2021 முதல் இந்தக் கணக்கு 32.1ஐத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர் கடைசியில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் பணம் வருவதற்கு ஆள் சாக வேண்டியிருக்கிறது.

பங்குனியில் அறுபத்து மூவர் விழாவுக்கு மயிலாப்பூர் மாட வீதிகளில் நீர்மோர்ப் பந்தல் போடுகிற அன்பர்களே, பந்தல் காலில் இந்த மாதிரி ஒரு சட்டத்தையும் கட்டுங்கள். எண் 32ஐத் தாண்டினால் மைக்கில் சொல்லுங்கள், சாமி தூக்குகிறவர்களை அடிக்கடி மாற்றுங்கள், அவர்கள் தலையிலும் தண்ணீர் ஊற்றுங்கள். சட்டம் நான் செய்து தருகிறேன். பந்து என்னிடம் நிறைய இருக்கிறது.