மிளகாயும் முந்திரியும்

சிராத்தத்தன்று வைதிகக் குடும்பங்களின் சமையலறையில் மிளகாய்க்கு இடமில்லை என்பதும், உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோசு முதலியன அன்று விலக்கப்பட, வாழைக்காயும் புடலையும் பாகலும் மிளகு சீரகத்தோடு இலையை நிரப்புகின்றன என்பதும் பலரும் அறிந்ததே. ஆயினும் காரணம் வினவினால், ‘மிளகாய் ராஜஸ குணமுடையது’ என்று சமாதானம் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். காரத்தில் மிளகு மட்டும் சளைத்ததா?

மிளகாயின் தாயகம் அமெரிக்கா. 1492இல் கொலம்பஸ் கடல் கடந்து சென்ற பின்னரே பழைய உலகம் அதைக் கண்டது; 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பிறகு, போர்த்துகீசியரின் வாணிபத்தால் அது நம் கரை சேர்ந்தது. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு நிவேதிக்கும் இட்லியில் இன்றளவும் மிளகும் சீரகமும் சுக்குமே மணக்கின்றன. பூரி ஜகந்நாதரின் மகாபிரசாதத்தில் உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் சேர்வதில்லை. சரித்திராசிரியர்கள் ஏடுகளில் தேடும் செய்தியை மடைப்பள்ளிகள் ஓசையின்றிக் காத்து வந்திருக்கின்றன.

இந்த ஒழுங்கைக் குலைப்பது முந்திரிப் பருப்பு. பிரேஸில் தேசத்தில் பிறந்து, அதே போர்த்துகீசியரின் கப்பலேறி வந்த இது, நெய்யில் வறுபட்டுச் சர்க்கரைப் பொங்கலிலும் திருப்பதி லட்டிலும் சுகமாக அமர்ந்திருக்கிறது. ஆசார சீலர் எவரும் அதைப் பொறுக்கி எறிந்ததாகக் கேள்வியில்லை!

பழமையே பிரமாணமெனில் முந்திரி வெளியேற வேண்டும். குணமே பிரமாணமெனில் மிளகும் உடன் வெளியேற வேண்டும். எனக்குத் தோன்றுவது இது: பிதிர்கள் காலத்துக்கு உட்பட்டவர்கள், ஆதலின் அவர்களுக்கு இடும் அன்னத்தில் ஞாபகம் ஆட்சி செய்கிறது. இன்று பிண்டம் பெறும் மூன்று தலைமுறையினரும் மிளகாய் வற்றலை ருசித்தவர்களே என்றாலும், அவர்கள் தம் தந்தையருக்கு இட்டவாறே நாமும் இடுகிறோம். ஈசுவரனோ காலாதீதன், தனக்கு இனித்ததை அவனுக்கும் ஊட்டிப் பார்க்கும் பக்தனின் ஆசை, கோயில் மடைப்பள்ளியின் கட்டுப்பாட்டையும் சிற்சில வேளைகளில் மீறிவிடுகிறது. ஆகவே இவ்வாசாரங்கள் யாவும் அநாதி என்போர் மிகைப்படக் கூறுகின்றனர். அர்த்தமற்றவை என்று நகைப்போரோ அவசரப்படுகின்றனர்.

அடுத்த சிராத்தத்தில் வீட்டுக் குழந்தை மிளகாயைப் பற்றிக் கேட்டால், ராஜஸம் என்று வாயடைக்காமல், இவ்வழக்கம் தோன்றிய நாளில் மிளகாய் இந்நாட்டிலேயே இல்லை என்ற உண்மையைச் சொல்லுங்கள்.