தூரிகையும் முத்துத் தோடும்

தூத்துக்குடியில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மணமகளின் தங்கை கல்லூரியில் பயில்பவள். ஒப்பனைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எம்மிடம் வினவினாள்: "பாட்டி, இந்தத் தூரிகையைக் கழுவினால் அதில் உள்ள நுண்ணுயிர்கள் மாண்டு போகும். கழுவாமலே விட்டுவிட்டால் பாவம் இல்லைதானே?"

அருகிலிருந்தோர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. அகிம்சையைப் பெயரளவில் கொள்வோர் வழுக்கி விழும் இடம் இதுவே.

தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது உயிர் போதலை மட்டும் கூறவில்லை. பிரமாதம், அதாவது கவனமின்மை, அதற்கு வாயிலாக நிற்பதைக் கூறுகிறது. முகத்தின் எண்ணெயும் வியர்வையும் உதிர்ந்த தோலும் தூரிகையின் மயிர்களிடையே தங்குகின்றன. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அது எளிதில் உலர்வதில்லை. அங்கே உயிர்கள் பெருக இடம் அமைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் அவற்றையே முகத்தில் தேய்த்து மாய்ப்பது எவ்வாறு அகிம்சையாகும்? நம் இல்லங்களில் வடிகட்டிய நீருக்கும் கால எல்லை வைத்தனர் முன்னோர். அதே நெறிதான் இங்கும். கழுவுதலில் சேதம் உண்டு. அது இல்லறத்தார்க்கு முற்றும் தவிர்க்கவொண்ணாத ஆரம்ப இம்சை. நாள் கடத்தக் கடத்த அச்சேதம் பெருகும். ஆதலின் வாரம் ஒருமுறையேனும் மென்மையான சோப்பு நீரில், மயிர்முனை கீழ்நோக்கியிருக்கக் கழுவி, பிழிந்து, படுக்கை வாட்டில் உலர்த்துதல் நன்று. நிமிர்த்தி வைத்தால் நீர் அடிப்பகுதியில் இறங்கிப் பசையைக் கரைத்துவிடும். கண் மையை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்வது அறவே ஆகாது. கண்ணோய் பரவுதற்கு அதனினும் எளிய வழி இல்லை. திருமண வீடுகளிலோ ஒரே மைக்கோல் பத்துப் பேர் கண்ணைச் சுற்றி வருகிறது!

பழையனவற்றைக் கழிப்பது வீண் அன்றோ என்பது அவளது அடுத்த ஐயம். ஆசார்ய சமந்தபத்ரர் தமது இரத்தினகரண்டகத்தில் போகோபபோக பரிமாணத்தைக் குணவிரதங்களுள் ஒன்றாக வைத்தார். ஒருமுறை துய்த்ததும் கழிவது போகம். மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். உணவு, ஊர்தி, மலர், அணிகலன் இவற்றோடு உடற்பூச்சுக்கும் அளவு கொள்ளச் சொன்னார் என்பதை நம் பெண்கள் பலர் அறியார். இந்நோக்கில் மாவு போகம், தூரிகை உபபோகம். திறந்த மூடியுடன் கூடிய சிறு டப்பாவின் படமும் '6எம்', '12எம்' என்னும் எழுத்தும் புட்டிகளில் காணப்படும். திறந்தபின் எத்தனை மாதம் கொள்ளலாம் என்பதே அதன் பொருள். கண்ணிமை மைக்கு மூன்று மாதமே போதும் என்பர் வல்லுநர். பத்துப் பொருள் வாங்கி ஒன்பதைக் கெடவிடுவதுதான் வீண். எனவே அளவு கொள்ளவேண்டிய இடம் குப்பைத் தொட்டி அன்று, கடை.

கடையில் மற்றொன்றும் பார்த்தல் வேண்டும். உதட்டுச் சாயத்தின் செந்நிறம் பலவற்றில் கார்மைன். கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுப்பது. சி.ஐ. 75470 என்னும் எண் அதனைக் குறிக்கும். நகப்பூச்சின் முத்தொளி சிலவற்றில் மீன்செதிலிலிருந்து வருவது. அதன் எண் சி.ஐ. 75170. ஒப்பனைப் பொருள்களை விலங்குகள்மேல் சோதிப்பதை நம் நாட்டு அரசு 2014இல் தடை செய்தது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அத்தடை சோதனைக்கே. இந்த உட்பொருள்களுக்கு அன்று.

இதனைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அப்பெண் எமது காதைச் சுட்டி, "பாட்டி, இது முத்துத்தானே?" என்றாள்.

வாயடைத்தோம். எந்த ஊரில் இருந்து இதனைப் பேசுகிறோம்! இக்கடலின் 'பார்'களில் மூழ்கி எடுத்த சிப்பிகளைக் கரையில் கொட்டுகளில் குவித்து, அழுகும்வரை விட்டு, பின் அலசி முத்தெடுத்தனர். ஆயிரமாயிரம் சிப்பிகள் மாள, கிடைப்பன சில முத்துக்கள். இங்கு நிகழ்ந்த கடைசி முத்துக்குளிப்பு 1961இல். 1973இல் இவ்வூரிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். அதற்கும் சிப்பியின் உடலைக் கீறித்தான் ஆகவேண்டும். இதே மாவட்டத்துக் கழுகுமலைக் கல்வெட்டுகளில் பெண் ஆசிரியர்களாகிய குரத்தியர் குறிக்கப்படுகின்றனர். அவர்கள் காலத்திலும் கொற்கை முத்து விலைபோயிற்று. நாமோ ஆசிரியைப் பயிற்சி முடித்த ஆண்டில் தாயார் அணிவித்த தோட்டை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அணிந்தோம், ஒருநாளும் எண்ணிப் பாராமல்.

தோட்டைக் கழற்றினால் மாண்ட சிப்பி மீளாது. எனினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் அணிந்து திரிவது மூன்றாவதில் அடங்கும் என்றே இப்போது எமக்குத் தோன்றுகிறது. அன்றிரவே கழற்றிவிட்டோம். விற்க மனம் இல்லை. விற்றால் மற்றொருவர் காதில் ஏறும். பேத்திக்குக் கொடுக்கவும் துணிவில்லை. தாயாரின் நினைவென்று பெட்டியில் வைத்திருக்கிறோம். அதுவும் பரிக்கிரகமே என்று அப்பெண் கடிதம் எழுதியிருக்கிறாள். இன்னும் பதில் எழுதவில்லை.