நோயாளரைத் தொடும் கை



சென்ற பௌர்ணமியன்று கோலார் தங்கவயலில் திரிசரண பஞ்சசீலம் ஓதி முடித்தபின், பதினாறு வயதுப் பெண்ணொருத்தி நம்மிடம் வந்தாள். விடுமுறை நாட்களில் ஆஸ்பத்திரியில் ஊதியமின்றித் தொண்டு செய்யத் தான் விரும்புவதாகவும், தந்தையார் இசையவில்லையென்றும் முறையிட்டாள். காரணம் யாதென வினவினோம்.

மூன்று காரணங்கள் கூறினாள். நர்ஸ் படிப்பில் சேருமுன் அவ்வேலை தனக்கு ஒக்குமா என்றறிய வேண்டும். 2001-இல் மூடப்பட்ட தங்கச் சுரங்கத்தில் உழைத்துத் தூசியால் நுரையீரல் கெட்ட பாட்டனார் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, முன்பின் அறியாத ஒருவர் அவரைத் தாங்கி உட்காரவைத்ததை அவள் மறக்கவில்லை. மூன்றாவது, நற்சான்றுப் பத்திரம் கிடைக்கும். இதைச் சொல்லுங்கால் தலைகுனிந்தாள்.

தந்தையாரோ, "ஐயா, பிறர் மலத்தை அள்ளும் வேலை தலைமுறை தலைமுறையாக நம்மவர் தலையில் சுமத்தப்பட்டது. அதை ஒழிக்கவன்றோ புத்தரைச் சரணடைந்தோம்? என் மகள் கூலியுமின்றி அதற்கே போவதா?" என்றார். இக்கேள்வியை எளிதில் தள்ளலாகாது. நம் முன்னோர் பட்ட வேதனை அதனுள் இருக்கிறது.

விநய பிடகத்தின் மகாவக்கம் கூறுவதை நோக்குவோம். வயிற்றுப்போக்கினால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை மற்றவர் கைவிட்டனர். பகவான் அப்பணிக்கென ஒரு சாதியாரை அழைத்தாரில்லை. தாமே நீர் வார்த்தார், ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் பகவானும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, ஆசிரியனை மாணவனும் மாணவனை ஆசிரியனும் பேணுக, எவருமில்லாதவனைச் சங்கமே பேணுக, தவறுவது குற்றம் என விதித்தார்.

சாதி சிலர்க்கு மட்டும் இழிவாக்கியதைத் தம்மம் எல்லார்க்கும் கடமையாக்கிற்று. பிறப்பால் திணிக்கப்படுவது அடிமைத்தனம். விரும்பி அளிப்பது தானம். செயல் ஒன்றாயினும் எண்ணம் வேறு, எண்ணமே கம்மம். 1897-இல் புனேயில் பிளேக் நோயுற்ற சிறுவனைச் சுமந்துசென்று, அந்நோயாலேயே மாண்ட சாவித்திரிபாய் பூலே அம்மையாரை இழிந்தவர் என்பார் எவர்?

நோயாளரைப் பேணுவோர்க்கு மகாவக்கம் ஐந்து தகுதிகள் கூறுகிறது: மருந்து ஆயத்தம் செய்யவறிதல், ஒத்ததும் ஒவ்வாததும் அறிதல், ஆதாயம் கருதாது அன்புடன் பேணல், மலம், மூத்திரம், வாந்தி முதலியவற்றை அருவருக்காமை, தம்ம மொழியால் நோயாளரை மகிழ்வித்தல். மூன்றாம் தகுதியைக் கேட்டு அப்பெண் அஞ்சவேண்டுவதில்லை. நெல் உமியோடுதான் விளைகிறது. குத்தக் குத்த உமி நீங்கும். நற்சான்றாசையை மறையாது சொன்னதே முதற் குத்து. பாட்டனாரின் நினைவு உள்ளிருக்கும் அரிசி.

தந்தையாரின் அச்சத்திலும் நியாயமுண்டு. கூலியாள் செய்யவேண்டிய துப்புரவை, இன்னார் மகளென்று அறிந்து அவள்மேல் மட்டும் ஏற்றுவார்களாயின், அன்றே திரும்பிவிடவேண்டும். அது தொண்டன்று, பழைய விலங்கு. மற்றப் பிள்ளைகளோடு சமமாக நின்று, சோப்பிட்டுக் கைகழுவி, நர்ஸ் அம்மையார் கற்பிக்கும் முறைப்படி தண்ணீர் கொடுக்கட்டும். துணையற்றவர் அருகில் அமரட்டும். இவ்வாறு நாம் கூறினோம்.

தந்தையார் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "முதல்நாள் நானும் உடன்சென்று பார்ப்பேன்" என்றார். செல்லட்டும். அங்கே யாரேனும் ஒரு முதியவர் தண்ணீருக்காகக் கை நீட்டுவார். அப்போது தந்தையின் கையும் சும்மாயிராது.

நமோ புத்தாய!