மலிவு ரயரும் அயலவர் உயிரும்

கியூபெக்கில் காருக்குக் குளிர்கால ரயர் 2008 முதல் கட்டாயம். இன்றைய விதிப்படி டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை. மூன்று சிகரமும் பனித்துகளும் பொறித்த ரயர் எவ்வளவு மலிவாயினும் சட்டத்துக்குப் போதும். ஆனால் அச்சின்னத்துக்கான சோதனை, இறுகிய பனியில் சக்கரம் வண்டியை இழுக்குமா என்பதையே பார்க்கிறது. கண்ணாடிபோல் உறைந்த தெருவில் வண்டி நிற்குமா என்று பார்ப்பதில்லை.

மொன்றியலில் இரவுவேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்பும் எம்மவர் மலிவைத் தேடுவது கஞ்சத்தனமல்ல. எனினும் மிச்சம் பிடித்த பணம்தான் எம்முடையது. நிற்காமல் வழுக்கும் அந்தச் சில அடிகள், பார்க் எக்ஸ்ரென்சனில் தெருவைக் கடக்கும் யாரோ ஒரு பிள்ளையுடையவை.

தேய்ந்துபோனால் விலையுயர்ந்த ரயரும் கைவிடும். ஆகவே விலையில் மட்டும் அறம் இல்லை. இயன்றவர் நல்லதை வாங்கட்டும். இயலாதவர் வேகத்தைக் குறைத்து, அந்த அடிகளை உரியவருக்கே திருப்பிக் கொடுக்கட்டும்.