படிக்கிறவளுக்கு ஒரு பங்கு

53 மணி செபமாலையும் குரோஷாவும் ஒன்றாகப் போகாது. இதை நான் புரிந்துகொண்டது ஒரு தவக்காலத்தில். ஈஸ்டருக்குள் பீடத் துணிக்கு லேஸ் விளிம்பு பின்னித் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். வேலை அதிகம், நாள் குறைவு. வாய் செபமாலை சொல்லட்டும், கை பின்னட்டும் என்று ஆரம்பித்தேன். ஏழு செயின் போட்டு மூன்றாவது கண்ணில் ஊசியை விட வேண்டும். அதே நேரத்தில் சொன்னது நாலாவது மங்கள வார்த்தையா, ஐந்தாவதா என்று மனசு தேடும். இரண்டுமே எண்ணிக்கை. ஒரு தலைக்குள் இரண்டு எண்ணிக்கை நிற்காது. தப்பிய வரிசைகளைப் பிரித்துப் பின்னினேன். செபத்தைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. பாஸ்கா திருவிழிப்பு இரவில் அந்தத் துணி பீடத்தின் மேல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அந்த நாற்பது நாளில் ஒருமுறைகூட நான் மனசோடு செபிக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். நற்கருணை வாங்க வரிசையில் போகும்போது கால் கூசியது.

அன்றிலிருந்து ஒரு நாளை எப்படிப் பங்கு போடுவது என்ற கேள்வி என்னை விடவில்லை. செபம், ஒட்டுப்போர்வை, குரோஷா, புத்தகம் என்று நான் ஆசை வைத்தவை நாலு. ஒன்றைக் கையில் எடுத்தால் மற்ற மூன்றுக்கும் துரோகம் செய்வதுபோல் இருக்கும். டைரியில் நேரம் குறித்துப் பார்த்தேன். நான் குடியிருக்கிற ராயபுரம் கல்மண்டபத்தில் அது நடக்கிற காரியமில்லை. மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வருகிறதோ அப்போது குடத்தோடு நிற்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ஹார்பரில் ஷிப்ட். அவர் தூங்குகிற நேரம் வாரத்துக்கு வாரம் மாறும், வீட்டின் பகலும் ராத்திரியும் கூடவே மாறும். காசிமேட்டிலிருந்து மீன் வந்து இறங்கினால் அதைக் கழுவி முடிக்கிற வரை வேறு நினைப்புக்கு இடமில்லை. மணிக்கணக்கு இந்த வீட்டில் செல்லுபடியாகவில்லை.

மணியை விட்டுவிட்டு உடம்பைக் கவனிக்க ஆரம்பித்தேன். எந்த வேலை எதைக் கேட்கிறது? ஒட்டுப்போர்வையில் அடியில் பழைய வாயில் புடவைகளை நாலாக மடித்துப் போட்டு, மேலே துண்டுத் துணிகளை வைத்து, நெடுக ஓட்டுத் தையல் போடுகிறோம். அதில் எண்ண வேண்டியது எதுவும் இல்லை. ஊசி போகும், வரும். மூச்சுக்கு உள்ள சீர்தான் அதற்கும். அது கைக்குப் போதும், மனசைக் கேட்பதில்லை. செபமாலை அதோடு அழகாகப் போகிறது. குரோஷா எண்ணிக்கையைக் கேட்கிறது. அதனால் டாக்டர் வீட்டு பெஞ்சு, ரேஷன் கடை வரிசை, பேரனின் டியூஷன் வாசல் என்று காத்திருக்கிற நேரங்களுக்கு அதை ஒதுக்கினேன். ஒரு நூல்கண்டும் ஒரு ஊசியும் பையில் கிடந்தால் போதும்.

புத்தகம் மட்டும் கையையும் கண்ணையும் மனசையும் சேர்த்துக் கேட்டது. கொடுக்கத்தான் முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்று யோசித்தபோது தெரிந்தது நேரக்குறை அல்ல. நான் செபமாலையோடு உட்கார்ந்தால் வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள், டி.வி. சத்தத்தைக்கூடக் குறைப்பார்கள். ஊசியோடு உட்கார்ந்தால் வேலை செய்கிறாள் என்று பொருள். புத்தகத்தோடு உட்கார்ந்தால் மட்டும், "சும்மாதானே குந்தினு இருக்கே, இத்த கொஞ்சம் பாரு" என்று ஒரு வேலை வந்து சேரும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஒரு பெண் கும்பிடுவதும் தைப்பதும் அடுத்தவருக்கான காரியங்கள் என்று இந்த உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. படிப்பது அவளுக்கானது. அதனால் அது கடைசி வரிசையில் நிற்கிறது. நாலையும் சமமாகப் பார்க்க வேண்டும் என்று நான் தராசைத் தூக்கிக்கொண்டு திரிந்தபோது, ஒரு தட்டை ஊரே அழுத்திப் பிடித்திருந்ததைக் கவனிக்கவில்லை.

ஆனால் நான் வளர்ந்த வீட்டில் அப்படி இல்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மூத்த பெண், தம்பி தங்கைகளைத் தூக்கிச் சுமந்ததில் பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவர். ஆனால் பத்திரிகை வாங்குவதில் பிடிவாதம். பக்கத்து வீடுகளோடு காசு சேர்த்து வாங்குவார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அரிக்கேன் வெளிச்சத்தில் பழைய புடவையை விரித்து ஊசியைக் கோர்ப்பார். "படிடி, கேட்டுனே தைக்கிறேன்" என்பார். நான் தொடர்கதை வாசிப்பேன். கதை விறுவிறுப்பான இடத்தில் தையல் நெருக்கமாகும். துக்கமான இடத்தில் ஊசி நின்றுவிடும். அம்மா தைத்த ஒரு போர்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் தையல் நெருங்கியும் விலகியும் போகிற இடங்களைத் தடவிப் பார்த்தால் எந்தக் கதை எங்கே ஓடியது என்று சொல்லிவிடலாம் போலிருக்கும்.

தொடர்கதை முடிந்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, கோணி ஊசியும் சணல் நூலும் போட்டு அம்மாவே தைத்துக் கட்டுவார். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனைத் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகள் இப்படித்தான் புத்தகமாக்கி வைத்திருந்தன. எங்கள் வீட்டில் புத்தகம் கட்டிய கை, ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாத கை. பக்கங்கள் தலைகீழாகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு தாளிலும் படத்தைப் பார்த்து அடுக்குவார். படம் இல்லாத தாளை என்னிடம் நீட்டுவார். கதை முடிந்த பிறகு செபமாலை. அது அவருக்கு மனப்பாடம். அங்கே நான்தான் அவர் பின்னால் சொல்ல வேண்டும்.

அந்தச் சின்ன அறையில் செபமும் ஊசியும் எழுத்தும் அடித்துக்கொள்ளாமல் இருந்தன. எப்படி என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. அம்மாவிடம் ஏதோ நிதானம் இருந்தது, என்னிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. அங்கே இரண்டு பேர் இருந்தோம். அவர் கையும் என் கண்ணும். நான் தனி ஆளாக ஒரே உடம்பில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்த்ததுதான் சிக்கல்.

இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்த பெரிய கதை ஒன்று தெற்கே உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் தம்பதி சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட். மார்த்தா நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தும் வேதமும் லேஸ் பின்னலும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். திண்டு மேல் குண்டூசி குத்தி, சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ் அது. அங்கே வந்த பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். லேஸ் விற்ற காசைச் சேர்த்து அவர்களில் சிலர் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நூலின் கனம் தெரியும். மால்ட்டின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கேயும் பெண்களுக்குப் பள்ளியும் லேஸும் கொண்டுவந்தார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856. எங்கள் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து முதல் ரயில் கிளம்பியதும் அதே வருடம். ஒப்பிலக்கணத்தை எல்லாருக்கும் தெரியும். எலைசாவின் லேஸ் திண்டைச் சிலருக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டும் ஒரே வீட்டில் நடந்த வேலைகளாகத்தான் தெரிகின்றன.

அந்தப் பெண்களின் லேஸ் விலைக்குப் போனது. வேதம் அவர்களைக் கோயிலுக்குள் கொண்டுவந்தது. எழுத்துக்கு மட்டும் அப்போது விலையோ பதவியோ இல்லை. ஆனாலும் அடுத்த தலைமுறைப் பெண்களை ஆசிரியைகளாக்கியது எழுத்துதான். விலை இல்லாததை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

என் சபையிலேயே இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்ததைப் பிற்பாடுதான் படித்தேன். ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர், அதாவது புனித பெனடிக்ட், தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் செபத்துக்கு ஒரு நேரம், கைவேலைக்கு ஒரு நேரம், படிப்புக்கு ஒரு நேரம் வைத்தார். இதைப் பலரும் சொல்வார்கள். என்னை நிறுத்தியது அதில் 38ஆம் அதிகாரம். சாப்பாட்டு வேளையில் ஒரு துறவி வாசிக்க, மற்றவர்கள் பேசாமல் சாப்பிட வேண்டும். வாரத்துக்கு ஒருவர் முறை. வாசித்தவர் பிறகு சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். பசியில் தவிக்கக் கூடாது என்று வாசிப்பதற்கு முன்னால் அவருக்குக் கொஞ்சம் திராட்சை ரசம் கொடுப்பார்கள். வாசிக்கிறவனின் பசி வரை யோசித்த அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

இதே ஏற்பாட்டைக் கண்ணூர் பக்கத்துப் பீடித் தொழிலாளர்களும் செய்தார்கள். சுற்றுகிற கை சுற்றிக்கொண்டே இருக்க, ஒருவர் மட்டும் பத்திரிகையை, நாவலை உரக்க வாசிப்பார். அவர் சுற்றாமல் விட்ட பீடிக்கு ஈடாக மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். 1969இல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. கூலி, துண்டுக் கணக்கு. ஒரு பீடி குறைந்தாலும் அன்றைக்குக் காசு குறையும். அப்படியிருந்தும் வாசிக்கிறவனுக்குப் பங்கு வைத்தார்கள். படிப்பை வேலை என்று ஒத்துக்கொண்ட மனிதர்கள் அவர்கள்.

என் தெருக்களில் நூலும் பக்தியும் பின்னிக் கிடப்பதைப் பார்க்க எங்கேயும் போக வேண்டாம். ராயபுரம் என்ற பேரே ராயப்பரிடமிருந்து, வலை வீசின பேதுருவிடமிருந்து வந்தது. காசிமேட்டில் இன்றைக்கும் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, வலை ஊசியால் கிழிசலைக் கோர்க்கிறார்கள். என் குரோஷாவின் கண்ணும் அவர்கள் வலையின் கண்ணும் அக்கா தங்கை. மேற்கு மாதா கோயில் தெருவில் 1910இல் கட்டிய பார்சிகளின் அக்னி ஆலயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது ஒன்றுதான். உள்ளே நாங்கள் போக முடியாது. ஆனால் அவர்கள் இடுப்பில் கட்டுகிற குஸ்தி என்ற கயிற்றைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஆட்டு ரோமத்தில் 72 இழை. அவர்களுடைய யஸ்னா என்ற வேதத்தின் 72 அதிகாரங்களுக்கு 72. பரம்பரையாக அதை நெய்தவர்கள் குருமார் வீட்டுப் பெண்கள். ஒரு வேதத்தை இழை எண்ணி நெய்திருக்கிறார்கள். எண்ணிக்கையும் செபமும் மோதும் என்று நான் சொன்னேனே, அவர்களிடம் எண்ணிக்கையே செபமாக இருந்திருக்கிறது. அதற்கு நான் இன்னும் வளரவில்லை.

வடக்கே கொஞ்ச தூரத்தில், திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் அடங்கிய இடம். காதறுந்த ஊசி ஒன்று அவர் செல்வத்தை எல்லாம் உதற வைத்த கதையை எங்கள் பக்கத்தில் எல்லா மதத்தாரும் சொல்வார்கள். எம்.சி. ரோட்டில் கட்பீஸ் கடை வாசலில் நிற்கும்போது எனக்கு அந்த ஊசி ஞாபகம் வரும். கட்டிலுக்கு அடியில் இரண்டு கோணிப்பை நிறையத் துண்டுத் துணி. அலமாரியில் படிக்காத புத்தகங்கள். சேர்ப்பதும் ஒரு பசி. கடவுளுக்குத் தர வேண்டிய கவனத்தைத் துணிக்கும் தாளுக்கும் கொடுத்துவிட்டேனோ என்று பல ராத்திரி பயந்திருக்கிறேன். போன வருடம் ஒரு பையை எடுத்துத் தெருமுனை லாரி ஷெட்டுக்குக் கொடுத்தேன். அங்கே எண்ணெய் துடைக்கப் பனியன் வேஸ்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கொடுத்த மறுநாளே ஒரு நீலப் பூத்துண்டுக்காக மனசு அடித்துக்கொண்டது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு பையை வீட்டில் பிரித்தோம். அதிலிருந்து ஒரு காரியம் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா, மாடி வீட்டு மாமி, மீன் விற்றுவிட்டு வருகிற ஒரு தங்கச்சி, நான். சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக் கூடத்தில் ஒரே போர்வையின் நாலு பக்கமும் உட்காருகிறோம். மூன்று பேர் தைக்க, ஒருவர் வாசிக்க வேண்டும். அவரவர் முறைக்கு அவரவர் கொண்டுவருவது. மாமி திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பற்றிய பழைய புத்தகம் கொண்டுவருவார். நான் புனிதர் வரலாறும் கொண்டுவருவேன், நாவலும் கொண்டுவருவேன். அக்காவுக்குத் துப்பறியும் கதைதான் வேண்டும். தங்கச்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். முதல் தடவை அரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "நீங்களே படிங்கக்கா" என்று கொடுத்துவிட்டாள். நாங்கள் வாங்கவில்லை. "மெதுவாப் படி, எங்களுக்கு இன்னா அவசரம்" என்றார் அக்கா. இப்போது ஒரு முறைக்கு மூன்று பக்கம் வாசிக்கிறாள். அவள் வாசிக்கிற வாரம் மட்டும் எங்கள் தையல் சீராக விழுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருப்பதால் கை ஓடுவதில்லை.

வாசிக்கிறவர் விட்ட கட்டத்தை மற்றவர்கள் தைத்துவிட வேண்டும் என்பது கண்ணூரிலிருந்து நான் கொண்டுவந்த சட்டம். போன சனிக்கிழமை என் முறை. இரண்டு மணி நேரம் படித்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வீட்டுக்காரரே எழுந்துபோய் லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். முடிந்து போர்வையைத் திருப்பிப் பார்த்தால், என் கட்டம் தைத்து முடிந்திருந்தது. நான் எடுத்து வைத்திருந்த மஞ்சள் நூலில் இல்லை, கரும்பச்சையில். மீன் அலசின கையின் வாசனை துணியில் லேசாக இருந்தது. இழையெல்லாம் நெருக்கம், என்னுடையதைவிட நேர்.